பூனைக்குட்டிக்கு முதலில் ஒரு அறை போதும்

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டால் தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "பைக் நிறுத்துற இடத்துல ஒரு குட்டி கத்திக்கிட்டே இருக்கு, தாயைக் காணோம், என்ன பண்றது?" கடந்த எட்டு வருடத்தில் சென்னையில் எங்கள் வீட்டுக்கு இப்படி வந்த குட்டிகள் 17. மூன்று எங்களோடேயே தங்கிவிட்டன, பன்னிரண்டு நல்ல வீடுகளுக்குப் போயின, இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. போனில் அவசர அவசரமாகச் சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் முதன்முறையாகக் குட்டி எடுக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருங்கள்

தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதைக் குட்டி இல்லை. தாய்ப்பூனை இரை தேடிப் போய்விட்டு மணிக்கணக்கில் கழித்துத் திரும்பும், சில சமயம் இடம் மாற்றுவதற்காக ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நாம் கடைசிக் குட்டியைப் பார்த்துவிட்டுப் பதறுகிறோம். குட்டி கதகதப்பாக இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, சத்தமில்லாமல் தூங்குகிறது என்றால் தாய் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடாமல் விலகி வந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் குட்டியிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, சுற்றிலும் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டு வாருங்கள் (அரிசிமாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும்). சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தாயின் கால் தடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆனால் குட்டி நனைந்திருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, மேலே எறும்போ ஈயோ மொய்க்கிறது, நாய்களுக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது, உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வயது. பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். மூன்று வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். நான்கு வாரம் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியான சாப்பாடு சாப்பிடும். சமையலறைத் தராசில் நிறுத்தால் ஒரு மாதக் குட்டி ஏறக்குறைய 450 கிராம், இரண்டு மாதக் குட்டி 900 கிராம் வரை இருக்க வேண்டும், தெருக்குட்டிகள் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தாயிடமிருந்து பிரிக்க எட்டு வாரமாவது ஆகியிருப்பது நல்லது.

நான்கு வாரத்துக்கும் குறைந்த குட்டி கையில் வந்துவிட்டால் அது வேறு வேலை, இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாட்டிலில் ஊட்ட வேண்டும். உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதையும் ஊட்டாதீர்கள், முதலில் துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்துச் சூடேற்றுங்கள், ஜீரண சக்தி அப்புறம்தான் திரும்பும். கைக்குழந்தைபோல மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த வாக்கில்தான் ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும், ஏனென்றால் அந்த வயதில் தாய் நக்கிவிட்டுச் செய்கிற வேலை அது. முன் அனுபவம் இல்லாவிட்டால் அனுபவமுள்ள ஒருவரையோ விலங்கு நல அமைப்பையோ அன்றைக்கே தேடிப் பிடியுங்கள். சென்னையில் 1959-லிருந்து இயங்கும் புளூ கிராஸ் போன்றவை இருக்கின்றன, ஆனால் அங்கே இடநெருக்கடி எப்போதும் உண்டு, குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதைவிட வழி கேட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்வது குட்டிக்கு நல்லது.

பால் வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களிடம் வந்த முதல் குட்டிக்கு, பூனை என்றால் பால்தானே என்று பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கிண்ணத்தில் வைத்தோம். ஆசையாகக் குடித்தது. மறுநாள் காலையில் பேதி, அதற்கடுத்த நாள் தூக்கினால் கையில் துணிபோலத் தொங்கியது. நான் சொன்ன இரண்டில் அதுவும் ஒன்று. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பெரும்பாலான பூனைகளால் செரிக்க முடியாது, நோஞ்சான் குட்டிக்குப் பேதி வந்தால் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச நீரும் போய்விடும். பால்குடிக் குட்டிக்கு என்றே விற்கும் பால் பவுடர் பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பால் மறந்த குட்டிக்குத் தண்ணீர் போதும்.

வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டீர்களா

நன்றாக வளர்த்தால் பூனை 15 வருடம்கூட இருக்கும். இப்போது ஐந்தாவது படிக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் வரை அது வீட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் குழந்தை அழுதது, சரி என்று தூக்கி வந்தோம் என்பது போதாது.

என் மாமியாருக்குப் பூனை பிடிக்காது. சகுனம் என்று சொன்னார், அதைவிட முக்கியமாக பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் வரக் கூடாது என்றார். அதில் வாதாட எதுவுமில்லை என்று நினைத்தோம், அடுப்படிக்குக் கம்பிவலைக் கதவு போட்டோம், பூஜை அலமாரிக்குத் தாழ்ப்பாள் போட்டோம், அவர் கேட்டது நடந்தது. பெரியவர்களின் மறுப்பில் பாதி இப்படிக் கதவு போட்டுத் தீர்க்கக் கூடியதுதான். கேட்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் சமாதானப்படுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அந்தக் கோபம் குட்டிமேல்தான் விழும்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் முதலில் பூனை இருக்கும் வீட்டில் அவர் இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒவ்வாமை உண்டாக்குவது முடி இல்லை, எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம், அதனால் முடி குறைவான பூனையாக எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்தத் தேவையில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வெளியேறினாலும் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், ஆகவே பூனை மலம் கழிக்கும் மண் தட்டை வேறொருவர் தினமும் தவறாமல் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி போடாமல் இருந்தால் பயம் வெகுவாகக் குறைந்துவிடும். மகப்பேறு மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

சைவ வீடு என்றால் ஒன்றை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பூனைக்கு இறைச்சி கட்டாயம். டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும், தயிர்சாதத்தில் அது கிடையாது, நாளடைவில் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். சமைக்க மனமில்லாதவர்கள் பூனைக்குட்டிகளுக்கான பாக்கெட் உணவைப் பிரித்து வைக்கலாம், தனிக் கிண்ணம், தனிக் கரண்டி என்று வைத்துக்கொண்டு எத்தனையோ சைவ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அதுவும் முடியாது என்றால் வேறு வீடு பார்ப்பதே குட்டிக்குச் செய்யும் உதவி.

வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுக்குமாடியில் சங்கத்துக்காரர்கள் பிராணி வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் மருத்துவர்

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, மூடி, கயிறு கட்டிக் கொண்டுபோங்கள். மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் போகாதீர்கள், ஒரு ஹாரன் சத்தத்தில் தாவிவிடும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஊர்களிலும் கல்லூரி மருத்துவமனைகள், மற்ற இடங்களில் அரசு கால்நடை மருத்துவமனை என்று செலவு குறைந்த வழிகள் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள்.

எடை, காய்ச்சல், கண், காது, பல் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்து எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பார்கள், இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். காதுக்குள் காபித்தூள் மாதிரிக் கருப்பாக இருந்தால் அது அழுக்கு இல்லை, காதுப்பூச்சி. முடி வட்டமாகக் கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைகளுக்கும் ஒட்டும், முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பேன் சீப்பால் கழுத்துப் பின்புறமும் வால் அடியும் வாரி, சீப்பில் வரும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தால், சாதாரண மண் மண்ணாகவே இருக்கும், தெள்ளுப்பூச்சியின் கழிவானால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் துருப்பிடித்த நிறத்தில் சிவப்பு பரவும். அது குட்டியின் ரத்தம். அரைக்கிலோகூட இல்லாத குட்டிக்கு நூறு பூச்சி இருந்தால் ரத்தசோகையிலேயே போய்விடும், ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரையோ சொட்டு மருந்தையோ மட்டும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும். டெட்டால் குளியலும் வேண்டாம்.

தடுப்பூசியில் முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறு ஊசி, பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. உங்கள் வீட்டில் இதற்கு முன் ஒரு குட்டி வாந்தி பேதியில் இறந்திருந்தால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படி வாந்தி பேதியை உண்டாக்கும் பன்லூகோபீனியா வைரஸ் தரையிலும் பாயிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் விடக் கூடாது.

அந்த ஒரு அறை

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறக்கிறார்கள், வீடே சுற்றி நிற்கிறது, குட்டி ஒரே பாய்ச்சலில் பிரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொள்கிறது, துடைப்பக் குச்சியை விட்டு இழுக்கிறார்கள். அந்த முதல் பத்து நிமிடத்துப் பயம் தெளிய சில சமயம் ஒரு மாதம் ஆகிறது. பாசத்தில்தான் வீடு முழுவதையும் திறந்து விடுகிறோம், ஆனால் உள்ளங்கை அளவு உயிருக்கு இரண்டு படுக்கையறை வீடு என்பது ஒரு ஊர். எங்கே ஒளிவது, எங்கே சாப்பாடு, யார் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று எதுவும் தெரியாது.

கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை போதும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடுக்கை அட்டையோ தலையணையோ வைத்து அடையுங்கள். ஒரு மூலையில் மண் தட்டு, அதற்கு நேரெதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். பக்கத்தில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய காட்டன் புடவை, அதுதான் குட்டியின் ஒளிவிடம், அதற்குள் யாரும் கை விடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அறையை பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். கால் நக்கியே உடம்புக்குள் போகும், பினாயிலில் இருக்கும் பினால் என்ற ரசாயனத்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. சோப்புத் தண்ணீர் போதும். அலமாரியில் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முதல் இரவு அநேகமாகக் கத்தும். நான் செய்வது, விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஏதாவது வாசிப்பது, மெதுவாக வாய்விட்டு. குட்டியை நேராக முறைத்துப் பார்ப்பதில்லை. கண் பட்டால் மெல்லக் கண்ணை மூடித் திறப்பேன், பூனைகளிடையே அது பயமில்லை என்ற சைகை. போன வருடம் வந்த சாம்பல் நிறக் குட்டி மூன்று நாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது, நான் இல்லாதபோது மட்டும் சாப்பிட்டது. நான்காம் நாள் இரவு முதலில் ஒரு மூக்கு, அப்புறம் இரண்டு மீசை, அப்புறம் வயிறு தரையில் உரச உரச என் கால் பக்கம் வந்து கட்டைவிரலை முகர்ந்துவிட்டு ஓடிப்போனது. நான் அசையவில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்து கணுக்காலில் கன்னத்தைத் தேய்த்தது. அந்தக் கன்னம் தேய்ப்புக்காகக் காத்திருங்கள், அதற்கு முன்னால் தூக்காதீர்கள்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தண்ணீர் பட்டால் கட்டியாகும் மண் வேண்டாம், தின்று பார்க்கும், வயிற்றில் இறுகிவிடும். சலித்த ஆற்று மணலோ மரத்தூள் உருண்டையோ போதும். தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சாப்பிட்டு எழுந்ததும் தூக்கித் தட்டில் விட்டால் இரண்டு நாளில் பழகிவிடும். வேறெங்காவது போய்விட்டால் அடிப்பதோ மூக்கைத் தேய்ப்பதோ கூடாது, துடைத்த துணியைத் தட்டில் போட்டு வையுங்கள், வாசனை பிடித்து அங்கே போகும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. குட்டிகளுக்கான பாக்கெட் உணவு முக்கியமாக, கூடவே உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், ஆகவே குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவதும் வேண்டாம். நாய் உணவு போதாது. குட்டி அரை நாளுக்கு மேல் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைகளுக்கு ஒரே விதி சொல்லிக் கொடுத்தால் போதும், தரையில் உட்கார்ந்த பிறகுதான் தொடலாம். நின்றுகொண்டு தூக்கினால்தான் கீழே போடுவார்கள், கீறலும் அப்போதுதான் விழும். விளையாட்டுக்குக் கையைக் காட்டாதீர்கள், கயிற்றில் கட்டிய துணியைக் காட்டுங்கள், விளையாடி முடித்ததும் அந்தக் கயிற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே போங்கள், ரேபிஸ் ஊசி அங்கே இலவசம். சின்னக் குட்டிதானே என்று விட வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால் இரண்டு வாரம் முகமே காட்டக் கூடாது. துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள், கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள், அப்புறம் கதவை ஒரு விரல் அளவு திறங்கள்.

கதவைத் திறக்கும்போது

குட்டி வாலை நிமிர்த்திக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றால் வீட்டைக் காட்டலாம், ஒரு நேரத்தில் இன்னும் ஒரு அறை. அதற்குள் பால்கனிக்கு வலை போட்டிருக்க வேண்டும், மாடியிலிருந்து விழுந்தால் பூனை தானாகக் காலூன்றித் தப்பிக்கும் என்பதை நம்பாதீர்கள். தண்ணீர்த் தொட்டி மூடி, பக்கெட், வாஷிங் மெஷின் கதவு இவற்றைத் தினமும் பாருங்கள், மெஷினைப் போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். தையல் நூல், ஊசி, ரப்பர் பேண்ட், பூ உதிர்ந்த மல்லிகைச் சரத்தின் நார், இவையெல்லாம் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். செடிகளில் லில்லியும், பனை மாதிரி இருக்கும் சைகஸும் வீட்டில் இருக்கக் கூடாது.

பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். பூனையின் இயல்பான சூடே 101, 102 டிகிரி இருக்கும், தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு மாதத்திலேயே பெண் குட்டி சினையாகிவிடலாம், ஒன்பது வாரத்தில் நான்கைந்து குட்டி போடும், நீங்கள் ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்ததற்குப் பலன் இல்லாமல் போய்விடும். அதனால் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள், ஆணுக்கும்தான். மூன்று நிறம் கலந்த குட்டி என்றால் அநேகமாகப் பெண் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே தேதி வாங்கிவிடுங்கள்.

வீடு முழுவதும் சுற்ற ஆரம்பித்த பிறகும் அந்த முதல் அறையைக் கலைத்துவிடாதீர்கள், பெட்டியும் புடவையும் அங்கேயே இருக்கட்டும். விருந்தாளிகள் வந்தாலும், வீட்டில் வெள்ளையடித்தாலும் குட்டி தானாக அங்கேதான் போகும். தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலமே மண் தட்டையும் தண்ணீரையும் திரும்ப அந்த அறைக்கு மாற்றி, ஜன்னலை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்துவிடுங்கள். வெடிச்சத்தம் ஓயும் வரை வீட்டில் யாராவது ஒருவர் மாற்றி மாற்றி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருங்கள்.